ஔவையாரைத் தேடினால் ‘இல்லை’ என்கிறது நூலகக் கணினி

கிளை நூலகங்களுக்கு ஆர்எஃப்ஐடி கேட் (பதியாமல் புத்தகத்தை வெளியே கொண்டுபோனால் கத்துகிற வாசல்) போட வேண்டும் என்று அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்புகிறது. சில ஆயிரம் புத்தகம், வாசலை ஒட்டியே நூலகர் மேசை, உள்ளே பேப்பர் படிக்கப் பத்துப் பேர். இதற்கு எதற்குக் கேட்? கேட் அடையாளம் காணப் பின்னட்டைக்குள் ஒட்டுகிற வில்லை 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுவது. சிறுவர்களுக்கான 16 பக்கப் புத்தகங்களை அடுக்கினால் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சிலது எண்ணிக்கையில் வராது. ஜிகினா அட்டை என்றால் இன்னும் மோசம். திருட்டு என்பது அலுவலகத்தின் கவலை. வாசகருக்குக் கேட்ட புத்தகம் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

அதைச் சொல்ல வேண்டியது கணினிப் பட்டியல். தமிழ் அடி வாங்குவதும் அங்கேதான்.

‘ஔ’ என்பது ஓரெழுத்து. அவசரத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ‘ஒளவையார்’ என்று ஏற்றிவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் வராது. ‘கொ’ இன்னும் விஷமம்: கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாகவும் சேமிக்கலாம். பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது காற்புள்ளியெல்லாம் ‘இ’ ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. ‘முருகன், ஆ.’ என்ற ஆசிரியர் ‘முருகன்இ ஆ.’ ஆகி நிற்பார். இதோடு ராமநாதபுரமா இராமநாதபுரமா, லட்சுமியா இலட்சுமியா என்ற பஞ்சாயத்து வேறு. புத்தகம் அலமாரியில்தான் இருக்கும், கணினி கையை விரிக்கும்.

சரிசெய்யப் பெரிய செலவில்லை. நியூசிலாந்தில் பிறந்து 2000-இல் புழக்கத்துக்கு வந்த கோஹா, நூலகப் பட்டியலுக்கான இலவச மென்பொருள். அதன் ஜீப்ரா தேடுபொறியை நிறுவும்போது எழுத்துகளைக் கையாள சிஎச்ஆர், ஐசியு என்று இரண்டு வழி உண்டு; தமிழுக்கு ஐசியு-தான். பதிவுகளை ஒரே யூனிகோட் வடிவத்துக்கு (என்எஃப்சி) மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். தலைப்பின் மாற்று எழுத்துக்கூட்டலை மார்க் (நூல் விவரங்களைப் பதியும் பொது வடிவம்) பதிவின் 246-ஆம் புலத்தில் போட வேண்டும். பிறகு அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 புத்தகம் உருவி, தலைப்பாலும் ஆசிரியராலும் தேடிப் பார்க்க வேண்டும். அதில் பத்துக்கு மேற்பட்டவை தேடலில் வராமல் போனால் அந்தப் பட்டியலை வாசகர் முன் வைக்காதீர்கள்.

அடுத்தது உப்புக்காற்று. மண்டபம், பாம்பன் பக்கம் ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. கணினி எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் தப்பிக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரேம் பலகையின் பித்தளை நிறப் பற்களில் படலம் படியும், மெஷின் பீப் அடித்து நின்றுவிடும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிற மெஷின் சூட்டில் ஈரம் விரட்டிக்கொள்ளும். கெட்டுவிடும் என்று பயந்து பூட்டிவைப்பதுதான் முதலில் கெடும். பார்கோடு லேபிள் பில் தாள் மாதிரி சூட்டில் கறுக்கிற ரகமாக இருந்தால் வெயிலில் எழுத்து போய்விடும். ரிப்பனில் அச்சடித்த பாலியெஸ்டர் லேபிள் நிற்கும். புத்தகத்தின் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னுக்கு மட்டும் எந்தக் கணினியும் மருந்தில்லை. பின்னைப் பிடுங்கி நூல் கோத்துத் தைப்பதுதான் வழி.

உறுப்பினரை உறுதிசெய்யப் போனுக்கு ஓடிபி அனுப்புகிற விஷயம் எனக்கு எரிச்சல். மீனவர் வீட்டுக்கு ஒரு போன், அது படகில் போய்விடும். பிள்ளை நூலகத்தில் நிற்கும், எண் கடலில் கூவும், சிக்னலும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்ற பத்து மாதத்துக்கு உறுப்பினர் எண்ணும் பிறந்த தேதியும் போதும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மின்நூல் பக்கம் நல்லதும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கிற பழைய நூல்களை எந்தக் கிளை நூலகத்தாலும் வாங்கி அடுக்க முடியாது. ஆனால் பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்த கோப்பு என்றால், பார்வையற்றவர் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் அதை நேரடியாகப் படித்துச் சொல்லாது. முதலில் எழுத்துணரியில் ஓட்டி உரையாக்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களைக் கேட்டால் டேப்லெட் வேண்டாம், பிரிண்டர் வேண்டும் என்பார்கள். பாடநூல் பிடிஎஃப் இலவசம், அச்சுக்குத்தான் காசு. வாங்கும் முன் டோனரும் தாளும் எந்தக் கணக்கில் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்றாம் மாதம் அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருப்பார்கள்.