இரவில் படுக்கை நனைவது சோம்பேறித்தனம் அல்ல

"மூன்று வயதுக்குப் பிறகும் ராத்திரி படுக்கையை நனைத்தால் அது சோம்பேறித்தனம், நாலு நாள் கண்டித்தால் நின்றுவிடும்" என்று சிலர் சொல்வது சரியல்ல.

பகலில் சொல்லிவிட்டுப் போவது பழக்கத்தால் வருவது. ராத்திரி நனைக்காமல் இருப்பது வேறு விஷயம். தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்தால் மூளை விழித்துக்கொள்ளவும் வேண்டும். இவை ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயதில்தான் கைகூடும். அதனால்தான் 5 வயது வரை மருத்துவர்கள் இதைக் குறையாகவே கருதுவதில்லை. 5 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் நனைக்கிறார்கள்.

என் மகன் இரண்டரை வயதிலேயே பகலில் "அம்மா, சுச்சு" என்று ஓடி வருவான். ராத்திரி மட்டும் ஐந்தரை வயது வரை நனைத்தான். நானும் திட்டியவள்தான். ஒருநாள் கட்டிலுக்கடியில் ஈர டிரவுசரைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம், மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடலில் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும் நனைக்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி தொடங்கினாலோ, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தாலோ, தண்ணீர் தாகம் அதிகமானாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.