எஸ்யூ காபரேட்டருக்குச் சாமான் இருக்கிறது

"மொரிஸ் மைனரின் எஸ்யூ காபரேட்டருக்கு இப்ப சாமான் செய்வதே இல்லை, கழற்றிப் போட்டுவிட்டு ஜப்பான் காபரேட்டர் பூட்டுங்கள்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மொரிஸ் மைனர் பழைய இங்கிலாந்துக் கார்; காபரேட்டர் அதன் எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம், எஸ்யூ அந்தப் பாகத்தின் மார்க். திருகோணமலைக் கடைகளில் தேடிப் பிடிப்பது கஷ்டம், சரி. ஆனால் செய்வதே இல்லை என்பது பிழை. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பேர்லன் நிறுவனம் எஸ்யூ பெயரிலேயே ஜெட், ஊசி, காஸ்கெட் எல்லாம் இன்றும் விற்கிறது.

ஐட்லிங் (கால் எடுத்ததும் எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலையாக நிற்காவிட்டால் முதலில் திராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் தண்டை, ஆட்டிப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் இடுக்கால் காற்று உள்ளே போகும், என்ன திருகினாலும் சரிவராது. லேத் வேலை தெரிந்த ஒருவர் தண்டைச் சுற்றிப் பித்தளை புஷ் (வளையம்) போட்டுத் தருவார்.

அப்புறம், காபரேட்டருக்குள் இறுகின பிஸ்டனை எமரி பேப்பரால் தேய்க்கச் சொன்னீர்களே, தயவுசெய்து வேண்டாம் அண்ணா! பிஸ்டனும் மேல்மூடியும் அளவு பார்த்துச் சேர்த்த சோடி. தேய்த்தால் இடைவெளி கூடி வெற்றிடம் கசியும், பிஸ்டன் உரிய உயரத்துக்கு எழும்பாது. உப்புக் காற்றில் நின்ற என் மைனரில் அந்தப் பிஸ்டன் வெள்ளையாகப் பூத்திருந்தது. பெற்றோல் துணியால் துடைத்து, டாம்பரில் (பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் தடுக்கும் பகுதியில்) 20ஆம் நம்பர் எண்ணெய் விட்டேன். தூக்கிவிட்டால் தடையில்லாமல் இறங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது.