செவ்வாய் முதல் வியாழன் வரை வகுப்பு இல்லை

நகைத்தொழிலைக் கற்றுக்கொடுப்பவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வகுப்பை மூடிவிட்டுத் தம் சொந்த வேலைக்கு உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோவை செல்வபுரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வெள்ளி நகை செய்துவருகிறேன். அவற்றில் ஆறு ஆண்டுகளாகக் கற்பித்தும் வருகிறேன். இந்தக் கருத்துக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு ஜோடி ஜிமிக்கியைக் கெடுத்த பிறகுதான்.

சென்ற ஆண்டு சித்திரையிலிருந்து ஆடி முடிய வகுப்புகளை மட்டுமே நடத்தினேன். சேர விரும்பியவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஆடியில் நகை வேலை எப்படியும் குறைவு. மாதம் தவறாமல் கைக்கு வந்த கட்டணம் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆவணி பிறந்ததும், ஒரு திருமணத்துக்காக ஒப்புக்கொண்டிருந்த ஜிமிக்கிக்கு உட்கார்ந்தேன். குடையின் விளிம்பைச் சுற்றி 24 வெள்ளி ரவைகளை, அதாவது சின்னஞ்சிறு மணிகளை, வரிசையாக வைத்து, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் கலப்பு உலோகமான பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயைக் காட்டினேன். வெங்காரம் முதலில் வெண்ணுரையாகப் பொங்கும். பிறகு அடங்கிக் கண்ணாடிபோல் படியும். வெள்ளி மங்கிய சிவப்பைத் தொட்ட சற்று நேரத்தில் பொடி பளிச்சென்று மினுங்கி ரவையின் அடியில் ஓடிப் புகுந்துவிடும். ஊதுகிறவர் தீயை விலக்க வேண்டிய நேரம் அதுதான். தூய வெள்ளி 961 டிகிரியில் உருகும் என்றால், செம்பு கலந்த 92.5 சதவீத வெள்ளி அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். நான் ஒரு நொடி பிந்தினேன். மூன்று ரவைகள் விளிம்போடு அமுங்கிப்போயின.

கணக்கில்லாத முறை செய்து பழகிய வேலை அது. ஏன் பிந்தினேன் என்று அன்றிரவு தூங்காமல் யோசித்தேன். அந்த நான்கு மாதங்களும் நான் ஊதியதெல்லாம் பிறர் பார்ப்பதற்காக ஊதியதுதான். "இப்போது நுரைக்கிறது பாருங்கள், இப்போது அடங்குகிறது பாருங்கள்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு, ஆறு பேரும் கவனிக்கட்டும் என்று தீயை நிறுத்தி நிறுத்திப் பிடித்து, பாதிக் கண்ணை என் தீயிலும் மீதிக் கண்ணை மாணவர்களின் தீயிலும் வைத்திருந்து, என் கை அந்த நிதானத்துக்கே பழகிவிட்டது. வகுப்பில் பெரும்பாலும் செம்புத் தகட்டில்தான் பயிற்சி. 1,085 டிகிரியில் உருகும் செம்பு நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், மெல்லிய வெள்ளி ரவை பொறுக்காது. கற்பித்ததால் நேரம் போனது என்று மட்டும் அதுவரை எண்ணியிருந்தேன். கைப்பதமே மாறிப்போகும் என்பதை அந்த ஜிமிக்கிதான் எனக்குக் காட்டியது.

என் அப்பாவின் பட்டறையில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை, ஏனென்றால் அங்கே கற்பிப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. சேர்ந்த பையன் முதலில் கரி உடைப்பான், குமட்டி அடுப்பில் தணல் அணையாமல் பார்த்துக்கொள்வான், பிறகு கம்பி இழுப்பான், அரம் பிடிப்பான். ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா யாருக்கும் எதையும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அந்த முறையில் குறைகளும் இருந்தன. பெண்பிள்ளைகளை யாரும் அங்கே உட்கார வைத்ததில்லை. என் கையில் அப்பா சுத்தியலைக் கொடுத்ததுகூட, இந்தத் தொழில் எனக்கு வேண்டாம் என்று தம்பி சொன்ன பிறகுதான்.

தாத்தாவின் காலத்திலேயே அந்த வழி பாதி அறுந்துவிட்டது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்வதைத் தடுத்தபோது நாடெங்கும் பட்டறைகள் அடைபட்டன. அந்தக் கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல்தான் முழுமையாக நீங்கியது. அந்த அடியை வாங்கியவர்களில் பலர் தம் பிள்ளைகளை இந்தத் தொழில் பக்கமே திரும்ப விடவில்லை. பிறகு இயந்திர வார்ப்பும் வந்து, இருந்த கைவேலையையும் குறைத்தது. இன்று என்னிடம் வருபவர்களில் பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. மென்பொருள் ஊழியர்களும், ஆடை வடிவமைப்பு படித்த பிள்ளைகளும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் வருகிறார்கள். அவர்களுக்கு வகுப்பை விட்டால் வேறு வாசல் கிடையாது. ஆகவே கற்பிப்பதைக் கைவிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால் கற்பிப்பவரிடம் இந்த ஊர் எதிர்பார்ப்பது அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஒரு பயிற்சி நிறுவனம் என்னை வாரத்தில் ஆறு நாளும் வரச் சொல்லி, ஒவ்வொரு குழுவிலும் முப்பது பேருக்கு ஐந்தே நாளில் பற்றவைப்பைச் சொல்லித்தரக் கேட்டது. என் சொந்த வேலை என்ன ஆவது என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இனி உட்கார்ந்து செய்து என்ன ஆகப்போகிறது?" என்றார் பொறுப்பாளர். அந்தச் சொல் இன்னும் என்னை வருத்துகிறது. நீச்சல் கற்றவர் பத்து ஆண்டு கழித்துக் குளத்தில் இறங்கினாலும் நீந்திவிடுவார். ரவை வைப்பது அப்படிப்பட்ட வித்தை இல்லை.

கற்பித்துக்கொண்டே பெருவேலை செய்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கலைக்கல்லூரியில் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்த ஜான் பால் மில்லர், பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் பொன் ரவை வேலையைத் தாமே முயன்று மீட்டெடுத்து, மிக நுண்ணிய பொன்மணிகளும், உலோகத்தில் வண்ணக் கண்ணாடிப் பூச்சைச் சுட்டுப் பதிக்கும் மீனாக்காரியும் கொண்ட பூச்சி வடிவப் பதக்கங்களைச் செய்தார். ஆசிரியர் சம்பளம் இருந்தால் சந்தை கேட்பதையே செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை நானும் அனுபவத்தில் அறிவேன். எனக்குப் பிடித்த வடிவங்களில் சிலவற்றை, வாங்க ஆள் இல்லாத நிலையிலும் செய்து முடிக்க முடிந்தது வகுப்புப் பணத்தால்தான்.

அந்த ஆவணிக்குப் பிறகு என் வாரத்தை மாற்றி அமைத்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் என் வேலைக்கு. வெள்ளியன்று தகடு நறுக்கி, அமிலக் கரைசலை மாற்றி, ஒடிந்த ரம்ப பிளேடுகளுக்குப் புதியவை மாட்டி வைப்பேன். இரண்டு நாள் வகுப்புக்கு முழுதாக ஒரு நாள் ஆயத்தம் தேவைப்படும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சனி, ஞாயிறு வகுப்பு, ஆறு பேருக்கு மேல் இல்லை. கட்டணத்தையும் உயர்த்தினேன், அதனால் இரண்டு பேர் விலகியது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

இன்னொரு மாற்றமும் செய்தேன். ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லாமல் என் வேலையைச் செய்கிறேன். விரும்புகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம். முதல் வாரம் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு காப்புக்காகத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பொள்ளாச்சியிலிருந்து வரும் பெண், "ஏனுங்க அக்கா, சத்தம் மாறினதும் சுத்தியலைக் கீழ வெச்சுட்டீங்களே?" என்று கேட்டாள். தட்டத் தட்ட வெள்ளி இறுகும், இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும், அதற்குள் அதைச் சுட்டு இளக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே நான் சொல்லிக்கொடுத்ததுதான். இறுகியதை நான் காதால் கண்டுகொள்கிறேன் என்பது அவள் கேட்கும் வரை எனக்கே தெரியாது. ஆறு ஆண்டுகளில் எந்த வகுப்பிலும் அதை நான் சொன்னதில்லை. என் வேலையாக உட்கார்ந்திருக்காவிட்டால் அவளும் அதைக் கேட்டிருக்க முடியாது.

கெட்டுப்போன ஜிமிக்கியை அப்போதே உருக்கிக் கம்பியாக இழுத்து வைத்தேன். திருமண வீட்டுக்கு வேறு ஜோடி செய்து கொடுத்தாயிற்று. இந்தக் கம்பியில் எனக்கென்று ஒரு ஜோடி செய்யப்போகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை தொடங்குகிறேன். புதிய வகுப்பைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் அருள்கூர்ந்து வெள்ளிக்கிழமை அழையுங்கள்.