கட்சி உடையட்டும், ஆனால் எங்களைக் கேட்டுவிட்டு

புதுச்சேரி அரசியலைப் பேசும்போது "கட்சி உடைந்தது அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கென்ன" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கடுமையான மாறுபாடு உண்டு. இங்கே 2011-லும் 2021-லும் காங்கிரஸ் உடைந்தபோது ஆட்சியே மாறியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு உடைப்பையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

2008-ல் ரங்கசாமியை முதல்வர் பதவியிலிருந்து இறக்கியது அவருடைய காங்கிரஸ் கட்சிதான். 2011 பிப்ரவரியில் அவர் என்.ஆர். காங்கிரஸ் தொடங்கினார். இரண்டே மாதத்தில் தேர்தல். அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூத் சிலிப் எழுதியவர்கள் தெருமுனையில் எதிரெதிர் மேசை போட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் சென்னையில் வேலையில் இருக்கிறார், எந்தப் பாட்டிக்கு ஆட்டோ அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. இன்றைக்கும் ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான். அப்படிப்பட்ட ஊரில் தெருவுக்கு நாலு பேர் அந்தப் பக்கம் போனால் முடிவே மாறிவிடும். மாறியது. 17 இடங்களில் நின்ற புதுக்கட்சி 15-ல் ஜெயித்தது, காங்கிரசுக்கு 7. கூடவே நின்று 5 இடம் பிடித்த அ.தி.மு.க.வை ஒதுக்கிவிட்டு, ஒரு சுயேச்சையின் ஆதரவோடு ரங்கசாமி ஆட்சி அமைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அது வேறு விஷயம். கட்சியை உடைத்தவர் புதுக்கொடியோடு வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2021-ல் நடந்தது அப்படியல்ல. 2016-ல் காங்கிரஸ் 15 இடம் வென்றபோது மாநிலத் தலைவர் நமச்சிவாயம். அவர்தான் முதல்வர் என்று பலரும் நினைத்திருக்க, தேர்தலிலேயே நிற்காத நாராயணசாமி முதல்வரானார். புகைச்சல் அங்கேதான் ஆரம்பம், அதில் காங்கிரஸ் மேலிடத்துக்கும் பங்கு உண்டு. சரி, கோபம் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பதவிக்காலம் முடிய சில மாதங்களே இருக்கும்போது நமச்சிவாயம் உட்பட ஐந்து காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களும் ஒரு தி.மு.க. எம்.எல்.ஏ.வும் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள். பிப்ரவரி 22 அன்று அரசின் பக்கம் 12 பேர், எதிரே 14 பேர். அந்த 14-ல் மூன்று பேர் மத்திய அரசு நியமித்தவர்கள், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர்கள்! ஆட்சி கவிழ்ந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நாங்கள் ஐந்து வருடத்துக்கென்று கொடுத்த தீர்ப்பு எங்களைக் கேட்காமலே முடித்துவைக்கப்பட்டது.

ஏப்ரலில் தேர்தல். கை சின்னத்தில் ஜெயித்த நமச்சிவாயம் பா.ஜ.க.வின் தாமரையில் நின்று ஜெயித்து உள்துறை அமைச்சரானார். காங்கிரசுக்கு மிஞ்சியது 2 இடம், அதிலும் ஒன்று கேரளத்துப் பக்கம் இருக்கும் மாஹே.

"மக்கள்தான் மறுபடி ஓட்டுப் போட்டார்களே" என்பார்கள். போட்டார்கள்தான். ஆனால் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு கேட்டதும், கவிழ்க்கும் முன் கேட்பதும் ஒன்றாகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே கட்சியை விட்டு விலகுபவரையும், சபைக்குள் கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போடுபவரையும்தான் பிடிக்கிறது. ராஜினாமா செய்துவிட்டு வேறு சின்னத்தில் வருபவரை அது தொடுவதில்லை. பாதியில் விலகியவர் அடுத்து வரும் பொதுத்தேர்தலில் நிற்க முடியாது என்று ஒரு திருத்தம் வந்தாக வேண்டும். இனி எந்தக் கட்சி வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தாலும் இதை ஆதரிப்பீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களும் உங்கள் தொகுதியில் கேளுங்கள்.