கத்திரி வெயிலும் பாலாறும்: எது யார் கணக்கு?

கத்திரி பிறந்தா போதும், வேலூர்க்காரங்க டைம்லைன்ல இந்த வெயிலுக்கு என்ன காரணம்ங்கிற சண்டையும் பிறந்துடும். "சுத்தி பாறை மலை, கடல் காத்து வராது, எங்க ஊரு எப்பவுமே இப்படித்தான்"னு ஒரு கட்சி. பாலாறு காஞ்சது முதல் மாம்பிஞ்சு உதிர்ந்தது வரை எல்லாமே காலநிலை மாற்றம்னு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டு பேர் கணக்கும் தப்பு.

முதல் கட்சி கடைசியில "சூடு ஏறுனா அதுக்குச் சூரியன்தான் காரணம்"னு வந்து நிக்கும். சரி, பார்ப்போம். 1978லிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்குது. சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட். 11 வருஷ சுழற்சியில அது ஏறி இறங்குறது ஒரு வாட் அளவுதான். உருண்டையான பூமி முழுக்கப் பரப்பி, திருப்பி அனுப்புற ஒளியையும் கழிச்சா 0.2 வாட்கூடத் தேறாது. 1750க்கு அப்புறம் நாம ஏத்தின கார்பன் டை ஆக்சைடு மட்டும் பிடிச்சு வெக்கிற வெப்பம் 2 வாட்டுக்கு மேல. அதுவும் இந்த நாப்பது வருஷமா சூரியன் ஏறவே இல்ல, வெப்பம் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.

இதைவிடப் பெரிய சாட்சி நம்ம தலைக்கு மேல இருக்கு. சூரியன்தான் காரணம்னா காற்றுமண்டலம் அடியிலிருந்து மேல வரைக்கும் சூடாகணும். நடக்குறது வேற: கீழ் அடுக்கு சூடாகுது, அதுக்கு மேல இருக்கிற ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிருது. கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியர்ல ஓசோன் குறைஞ்சதுக்கும் பங்கு உண்டு. மேல போகப் போக கார்பன் டை ஆக்சைடோட கைவரிசைதான் பெரிசு.

ராத்திரிப் புழுக்கத்தைக் காட்டி "பாத்தியா, பகலைவிட ராத்திரிதான் வேகமா சூடாகுது"ன்னு வாதாடுறவங்க கொஞ்சம் நிதானிக்கணும். உலக அளவுல அது சரி. வேலூர் ஊருக்குள்ள அதை மட்டும் வெச்சு ஜெயிக்க முடியாது. ஏரியைத் தூர்த்துக் கட்டின காங்கிரீட்டும் தார் ரோடும் பகல் வெயிலைக் குடிச்சு ராத்திரி கக்கும். அதுவும் மனுஷன் வேலைதான், ஆனா புகையோட கணக்குல வராது. கட்டடமே இல்லாத கடல் சூடாகுறதைக் காட்டுங்க. கூடுதல் வெப்பத்துல 90 சதவீதத்துக்கு மேல அங்கதான் போய்ச் சேருது.

அந்தக் கார்பன் நம்மோடதுன்னு எப்படித் தெரியும்? கார்பன்லயே கொஞ்சம் எடை கூடின வகை கார்பன்-13; செடிகொடிக்கு அது அவ்வளவாப் பிடிக்காது. அதனால செடியிலிருந்து வந்த நிலக்கரியிலயும் அது குறைவு. கார்பன்-14 தானா சிதைஞ்சு குறையுற இன்னொரு வகை, பாதியாக 5730 வருஷம். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த கரியில அது சுத்தமா இருக்காது. காத்துல 13ஓட விகிதம் இறங்குது. 1950கள்ல அணுகுண்டுச் சோதனை வந்து குழப்புறதுக்கு முன்னாடியே 14 நீர்த்துப்போயிருந்ததையும் அளந்திருக்காங்க. எரிமலைக் கார்பன்ல 13 இப்படிக் குறைவா இருக்காது. மக்குற மரத்துல 14 மிச்சம் இருக்கும். 13 குறைஞ்சு, 14 சுத்தமா இல்லாம வர்றது புதைஞ்ச எரிபொருள் மட்டும்தான். எரிமலை வருஷத்துக்குக் கக்குறது நம்ம புகையில நூத்துல ஒரு பங்குகூட இல்லங்கிறதையும் சேர்த்துக்கோங்க.

"பனியுகம் முடிஞ்சப்ப யார் கார் ஓட்டினாங்க?"னு முதல் கட்சி கேக்கும். அப்ப பூமியோட சுற்றுப்பாதை மாறுச்சு. ஏறத்தாழ 5 டிகிரி ஏற பத்தாயிரம் வருஷம் பிடிச்சது. இப்ப நூத்தைம்பது வருஷத்துல ஒரு டிகிரி தாண்டிடுச்சு.

இனி ரெண்டாவது கட்சி. பாலாறு காஞ்சதுக்குக் காலநிலை மேல பழி போடாதீங்க. அந்தத் தண்ணிக்கு 1892லயே மெட்ராஸும் மைசூரும் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. மேல கர்நாடகத்து ஏரிகள், ஆந்திராவுல தடுப்பணைகள், கீழ நம்ம மணல் கொள்ளை. மணல் போனா ஆத்துக்கு ஊத்து ஏது? தோல் தொழிற்சாலைக் கழிவு விவகாரத்துல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இதுல எதுக்கும் ஆர்க்டிக் பனியோட சம்பந்தமில்ல.

2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டதுக்கும் இதே கண்டிப்பு வேணும். காத்து ஒரு டிகிரி சூடானா 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். அதனால கனமழை இன்னும் கனமாகும், அவ்வளவு சொல்லலாம். அந்த ஒரு வெள்ளத்துல எத்தனை பங்குங்கிறதைத் தனியா ஆய்வு பண்ணித்தான் சொல்லணும். வெள்ளம் வீட்டுக்குள்ள வந்ததுக்கு ஆக்கிரமிச்ச கால்வாய்தான் காரணம்னா, அதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுங்க.