தீர்ந்தது எண்டு ஆர் சொல்ல வேணும்?

அண்டைக்குக் கூட்டத்தில் திரையில் போட்ட கணக்கைப் பற்றித்தான். படத்தை எல்லாரும் பகிர்ந்திட்டியள், நான் திரும்பப் போடேல்லை. நீதிமன்றத்துக்குப் போகாமல் ஊர்ப் பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்கு வந்த பிணக்கு இத்தனை, தீர்ந்தது இத்தனை, ஆகவே வெற்றி. கைதட்டல் வேறை. வயிறு பத்தி எரியுது.

இணக்கம் எழுதின தாளில் இரண்டு பக்கமும் கையொப்பம் வைச்சால் அது கையொப்பம் மட்டும்தான். பிணக்குத் தீர்ந்ததோ எண்டு ஆறு மாதம் கழிச்சு வளவுக்குள்ள போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வேலிச் சண்டையை எடுங்கோ. "பழைய எல்லையிலேயே வேலி அடைக்கிறது" எண்டு எழுதி முடிப்பினம். எந்தப் பழைய எல்லை? காணி உறுதியில் உள்ளதோ, போன மாரிக்கு முதல் நிண்ட வேலிக் கதியாலோ? நில அளவையாளருக்கு ஆர் காசு குடுக்கிறது, எந்தத் திகதிக்குள்ள? ஒண்டும் எழுதியிருக்காது. அடுத்த மழைக்கு ஒருத்தர் பூவரசங் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவார். திரும்ப அதே சண்டை. கணக்கில் மட்டும் அது தீர்ந்த பிணக்கு. எழுதினதை மீறினால் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி நேரே அமுல்படுத்தவும் பொதுவா ஏலாது.

கடன் பிணக்குகளையும் இதோடை சேர்த்து வீதம் எடுக்கிறது அடுத்த பிழை. தவணையில் கட்டச் சம்மதிச்சால் கோப்பு மூடப்படும். மூன்றாம் தவணையோடை நிண்டதை ஆரும் எண்ணுறேல்லை.

"சம்பளமில்லாமல் உழைக்கிறவையைக் குறை சொல்லாதை" எண்டு வருவினம். அவையைச் சொல்லேல்லை. லீவு நாளில் பள்ளிக்கூட வாங்கில் இருந்து ஊர்ச்சண்டை கேட்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நான் கைகூப்புவன். அந்த உழைப்பை ஒரு வீதமாச் சுருக்கினதுதான் நோகுது. "வழக்கில் இழுபடுறதைவிட இது மேல்" எண்டால், மெய்தான். இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் அதுக்குத்தான் வந்தது. அதுக்காக அளக்காமல் விடலாமோ?

வேலியாவது பரவாயில்லை. சிறு காயம் எண்டு பதிஞ்சு சபைக்கு வாற கோப்புகளில் புருசனிட்டை அடி வாங்கின பெண்கள் இருக்கினம். எதிர் வாங்கில் அவன், பக்கத்தில் மாமி. "பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழச் சம்மதம்." கையொப்பம். அந்தச் சம்மதத்தை அவளைத் தனிய வைச்சுக் கேட்டவையோ? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிட்டைப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் எண்டு ஆராவது சொன்னவையோ? அவளும் அந்தப் படத்தில் "தீர்ந்தது".

பத்துக் கோப்புக்கு ஒண்டை எடுங்கோ. ஆறாம் மாதம் இரண்டு பக்கமும் தனித்தனியக் கேளுங்கோ: எழுதினது நடந்ததோ, சண்டை திரும்ப வந்ததோ, அண்டைக்கு உங்களைப் பேச விட்டவையோ. அடி வாங்கினவளை வீட்டில் வைச்சுக் கேட்காதேங்கோ, கிளினிக்குக்கு வாற நாளில் கேளுங்கோ. இரவில் பயமில்லாமல் நித்திரை கொள்ளுறாவோ எண்டும் கேளுங்கோ.