அந்தப் பையன் கவனமாகத்தான் இருந்தான்

ஒரு பையன் தன் சர்வரை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 15.0 பதிப்புக்கு மாற்றினான்; சொந்தமாகக் கட்டிய பேக்கேஜ்களோடு பொது பேக்கேஜ்கள் கலந்துவிட்டன. அந்த விஷயத்தில் மூன்று நாளாக ஒரே தீர்ப்பு: "அப்கிரேட் செய்தவன் கவனிக்கவில்லை." படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. அவன் கவனித்தான். சொன்னபடி செய்ததால்தான் மாட்டிக்கொண்டான்.

பேக்கேஜ் என்பது நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு, ரெப்போ அதை எடுக்கும் கிடங்கு. சொந்த ரெப்போ போதும், பொது ரெப்போ வேண்டாம் என்றால் என்ன செய்வது? எட்சி என்ற அடைவுக்குள் இருக்கும் மூல அமைப்புக் கோப்பே மேலே எழுதி வைத்திருக்கிறது: என்னைத் திருத்தாதே, அழிக்காதே, யூஎஸ்ஆர் லோக்கல் அடைவின் பக்கம் தனிக் கோப்பு வைத்து அணைத்துவிடு. அவன் அதைத்தான் செய்திருந்தான். 'ஃப்ரீபிஎஸ்டி' என்ற பெயர், எதிரே 'எனேபில்ட்: நோ', அதாவது இயக்காதே. 15.0இல் அந்தப் பெயரே இல்லை. 'ஃப்ரீபிஎஸ்டி-போர்ட்ஸ்' என்று ஆகிவிட்டது. அவன் எழுதிய வரி இல்லாத ஒன்றை அணைத்தபடி கிடந்தது, பொது ரெப்போ திறந்துகொண்டது.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. பேக்கேஜ் கட்டும் கருவியான பூட்ரியேரில் நம் ஆப்ஷன்களோடு கட்டிய பேக்கேஜுக்கும் பொது பேக்கேஜுக்கும் ஒரே பெயர். பெயரைப் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. ஒரு பேக்கேஜ் முதலில் எந்த ரெப்போவிலிருந்து வந்ததோ அதையே பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிகேஜி கூடியவரை பிடித்துக்கொள்ளும். கூடியவரைதான். சொந்த ரெப்போவில் இல்லாத ஒரு சார்பு, அதாவது ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான வேறொரு பேக்கேஜ், தேவைப்பட்டால் பொது இடத்திலிருந்து எடுக்கும். கலப்படம் அங்கேயே தொடங்கிவிடும்.

"ரிலீஸ் நோட்ஸில் போட்டிருக்கிறதே" என்பீர்கள். போட்டிருக்கிறது. பெயரை மாற்றியதிலும் நியாயம் உண்டு. அடிப்படை சிஸ்டமே பேக்கேஜாக வரும்போது 'ஃப்ரீபிஎஸ்டி' என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான். ஆனால் பல பக்கங்களுக்கு நடுவே ஒரு குறிப்பைத் தவறவிட்டவனைச் சோம்பேறி என்பது எந்த நியாயம்? "பொது பேக்கேஜையே போட வேண்டியதுதானே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கோப்பில் என்ன எழுதினோம் என்பதை நம்பக்கூடாது, சிஸ்டம் எதை எடுத்துக்கொண்டது என்று கேட்க வேண்டும். அப்கிரேடுக்கு முன்னால் பிகேஜிக்கு இரண்டு சின்ன 'வி' கொடுத்து, கடைசியில் வரும் ரெப்போ பட்டியலைச் சேமியுங்கள். பிகேஜி குவெரியில் பெரிய 'ஆர்', சின்ன 'என்' கேட்டால் எந்த பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்று வரும், அதையும் சேமியுங்கள். பூட்ரியேரில் புதிய 15.0 ஜெயில், அதாவது தனித்த கட்டுமானச் சூழல், அமைத்து அதில் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டி வையுங்கள். அணைக்கும் கோப்பில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். கெர்னல் மாட்யூல்கள் வரும் கேமாட்ஸ் ரெப்போவுக்குத் தனிப் பெயர், அது வேண்டுமா என்று தனியாக முடிவெடுங்கள். அடிப்படை சிஸ்டத்துக்கான 'ஃப்ரீபிஎஸ்டி-பேஸ்' ரெப்போ வழியாக சிஸ்டத்தை நிறுவியிருந்தால் அதில் கை வைக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களே வராமல் போகும். சிஸ்டம் மாறியதும் மறுபடி இரண்டு 'வி', பழைய பட்டியலோடு ஒப்பீடு, '-என்' போட்டு ஒத்திகை. அதன் பிறகுதான் நிஜ அப்கிரேட்.

ஃப்ரீபிஎஸ்டியோடு போகிற விஷயமும் இல்லை இது. உபுண்டு லினக்ஸ் 24.04இல் பேக்கேஜ்களை எடுக்கும் மூல முகவரிகள் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற வேறு கோப்புக்குப் போய்விட்டன. பழைய 'சோர்சஸ்.லிஸ்ட்'டில் சொந்த மிரரின் (ரெப்போவின் நகல்) முகவரியை எழுதிய ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடும், பொது முகவரியோ அங்கேயே இருக்கும். ஆர்பிஎம் வகை பேக்கேஜ்களைப் பயன்படுத்தும் லினக்ஸ்களில் நாம் அழித்த ரெப்போ கோப்பு, அதைக் கொண்டுவந்த பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது திரும்ப முளைக்கும். அதனால் அழிக்காமல் 'எனேபில்ட்=0' என்று வைக்க வேண்டும். எந்த ரெப்போ முதலில் என்று சொல்லும் முன்னுரிமை எண்கள் இன்னொரு கண்ணி: அந்த ஆர்பிஎம் பக்கத்து நிறுவும் கருவியான டிஎன்எஃப்பில் சின்ன எண்ணுக்கு மதிப்பு, சொல்லாவிட்டால் 99. பிகேஜியில் பெரிய எண்ணுக்கு மதிப்பு, சொல்லாவிட்டால் 0. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தப்பாக எழுதத்தான் செய்யும்.

இத்தனை இடத்தில் இத்தனை விதம். எல்லாவற்றையும் ஒருவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டுமாம், வைக்காவிட்டால் வேலைக்கே லாயக்கில்லையாம். பூட்டிய கதவின் பெயரை மாற்றியது யாரோ, திட்டு வாங்குகிறவன் பூட்டியவன்.

அவன் வைத்திருந்த அதே ஒற்றை வரி உங்கள் சர்வர்களில் எத்தனையில் இன்னும் இருக்கிறது என்று இன்றிரவு தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு அவனிடம் பேசுங்கள்.